பூப்போட்ட வசனமும் அதற்கு மேலே இருக்கிற வசனமும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் பைபிள் ஜர்னலிங் பற்றி வந்திருந்த கட்டுரையைப் படித்தேன். வேதாகமத்தின் ஓரத்தில் வண்ணம் தீட்டலாம், வசனத்தை அழகான எழுத்தில் எழுதி ஸ்டிக்கர் ஒட்டலாம், அதனால் மனம் அமைதியாகும், பொறுமை வளரும் என்று எழுதியிருந்தீர்கள். தப்பாக ஒன்றும் இல்லை. ஆனால் பொறுமை என்ற வார்த்தையை அவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டுப் போயிருக்க வேண்டாம். நான் ஒன்பது வருஷமாக வேதத் தியான நோட்டு எழுதி வருகிறேன். அதில் முதல் இரண்டு வருஷம் நீங்கள் எழுதியிருந்த மாதிரியேதான், பூவும் இலையுமாக. அதில் எனக்குப் பொறுமை வரவில்லை, விதவிதமான பேனாக்கள்தான் சேர்ந்தன. இப்போதாவது வந்துவிட்டதா என்று கேட்டால் என் வீட்டில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். கடிதம் நீளமாகத்தான் போகும், வெட்டிப் போடுவதானால் போடுங்கள்.

கட்டுரையோடு ஒரு படம் போட்டிருந்தீர்கள். எரேமியா 29:11, சுற்றிலும் ரோஜாக் கொடி. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அந்த வசனம் எனக்குப் பழைய சிநேகம். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஆட்குறைப்பில் என் வேலை போனபோது, சபையில் ஒரு அக்கா அதை அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். நான் அதை என் வேதாகமத்தின் ஓரத்தில் மயில்நீலத்தில் எழுதி, நீங்கள் போட்ட படத்தில் இருப்பதைவிட நல்ல கொடியாகவே வரைந்தேன் என்று நினைக்கிறேன். வேதாகமத் தாள் எவ்வளவு மெல்லிசு என்று அப்போது யோசிக்கவில்லை. மார்க்கர் மை அடுத்த பக்கத்துக்கு ஊறி, அங்கே இருக்கிற வசனங்கள் இன்றைக்கும் நீலத் திட்டுத் திட்டாகத்தான் இருக்கின்றன. ஒவ்வொரு நேர்முகத் தேர்வுக்கும் போவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். திரும்பி வந்தபிறகு திறக்க மாட்டேன்.

ஏழாவதோ எட்டாவதோ இடத்திலும் 'சொல்லி அனுப்புகிறோம்' என்று சொல்லிவிட்டார்கள். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை, வரைய மனசும் இல்லை. வெறும் கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து அப்படியே பார்த்து எழுத ஆரம்பித்தேன். பக்தியில் எழுதவில்லை, கோபத்தில் எழுதினேன், அப்படி என்னதான் சொல்லியிருக்கிறீர் பார்ப்போம் என்கிற மாதிரி. மொத்தம் 32 வசனம். வாசித்தால் ஐந்து நிமிஷம், எழுதி முடிக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது.

முதல் வசனத்திலேயே தெரிந்தது, அது ஒரு கடிதம். எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி, நேபுகாத்நேச்சார் ராஜா பாபிலோனுக்குச் சிறைப்பிடித்துக் கொண்டுபோன ஜனங்களுக்கு அனுப்பிய நிருபம். இதை எத்தனை தடவை வாசித்திருப்பேன், கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரிந்தது. ஐந்தாம் வசனம், வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள். ஆறாம் வசனம், கலியாணம் பண்ணிக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கும் பண்ணி வையுங்கள். ஏழாம் வசனம், உங்களைப் பிடித்து வைத்திருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காகவே ஜெபம் பண்ணுங்கள். அப்புறம் பத்தாம் வசனம். பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் உங்களைச் சந்தித்துத் திரும்பக் கொண்டுவருவேன்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எழுபது வருஷமா? அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டபோது முப்பது வயதில் ஒருவன் உட்கார்ந்து கேட்டிருந்தால், அவன் திரும்பிப் போவதற்கு நூறு வயது வரை இருக்க வேண்டும். நான் பூப்போட்டு வைத்திருந்த பதினொன்றாம் வசனம் இதற்கு அடுத்த வரி! முதலில் வந்த எண்ணம் ஏமாந்துவிட்டோம் என்பதுதான், அதை அப்படியே நோட்டில் எழுதினேன், இப்போதும் இருக்கிறது. மறுநாள் ராத்திரி முந்தின அதிகாரத்தையும் எழுதினேன். அங்கே அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி. இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று ஜனங்கள் முன்னால் சொல்லி, பாபிலோனுக்கு அடிமைப்படுவதன் அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த நுகத்தை எடுத்து உடைத்தும் காட்டுகிறான். இரண்டு வருஷம் என்றவனுக்குத்தான் அன்றைக்குக் கைதட்டல் விழுந்திருக்கும். எழுபது என்றவரை யாருக்குப் பிடிக்கும்? எனக்கும் பிடிக்கவில்லை. வேலை போன முதல் வாரத்தில் எனக்கு யாராவது 29:10ஐ அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தால் வாங்கியிருக்கவே மாட்டேன்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். வரைவதற்கு என்று உட்காரும்போது வசனத்தை நாம் தேர்ந்தெடுக்கிறோம், பெரும்பாலும் ஆறுதலான ஒன்றை, ஒரு ஓரத்தில் அடங்குகிற அளவில். பார்த்து எழுதும்போது தேர்வு நம் கையில் இல்லை. பத்தை எழுதாமல் பதினொன்றுக்கு வர வழி கிடையாது. பைபிள் ஜர்னலிங்கில் பொறுமை என்று ஏதாவது கற்றுக்கொள்ள முடியுமானால் அது அந்த இடத்தில்தான், நமக்கு வேண்டிய வசனத்துக்கு முன்னால் இருக்கிற, நமக்கு வேண்டாத வசனத்தில்.

வேலை கிடைத்ததா என்று கேட்பீர்கள். பதினாலு மாதம் கழித்துக் கிடைத்தது, பழைய சம்பளத்தைவிடக் குறைவாக. நோட்டு எழுதினதால் கிடைத்தது என்று சொல்லவே மாட்டேன், அப்படிச் சாட்சி சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். ஆனால் அந்தப் பதினாலு மாதத்தில் பிற்பாதி முற்பாதி மாதிரி இல்லை. தோட்டம் போடுங்கள் என்று எழுதின கை சும்மா இருக்க வெட்கப்பட்டது. எப்போது கூப்பிடுவார்கள் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தவள், தெரிந்த பிள்ளைகள் இரண்டு பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். அவர்கள் பாஸானார்கள், எனக்கும் நாள் நகர்ந்தது.

இதே மாதிரி இன்னொரு இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆதியாகமம் 16ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் ஆபிராமுக்கு வயது 86, இஸ்மவேல் பிறக்கிறான். 17ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்தில் அவருக்கு 99. நடுவில் பதின்மூன்று வருஷம். அந்தப் பதின்மூன்று வருஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, கர்த்தர் பேசினார் என்றும் இல்லை, பேசவில்லை என்றும் இல்லை. வாசிக்கிறவர்கள் ஒரு நொடியில் தாண்டிப் போய்விடுகிறோம். ஆபிராம் தாண்டவில்லை, ஒவ்வொரு நாளாக இருந்து தீர்த்தார். வாக்குத்தத்தத்தை நம்பிப் புறப்பட்டபோது 75, ஈசாக்கு பிறந்தபோது 100, ஆக இருபத்தைந்து வருஷம் காத்திருக்கிறார், அதில் பாதிக்கு மேல் இந்த மௌனம். நான் அந்த இடத்துக்கு வந்தபோது நோட்டில் பதின்மூன்று வரிகளை எழுதாமல் விட்டேன். பார்க்கிறவர்களுக்கு நோட்டை வீணாக்கின மாதிரி இருக்கும். யோசேப்புக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குத்தான், பதினேழு வயசுப் பையனாகக் கதைக்குள் வருகிறவன் பார்வோன் முன்னால் நிற்கும்போது முப்பது வயசு. அதையும் நான் வயதைக் குறித்து வைக்கிற பழக்கம் வந்த பிறகுதான் கவனித்தேன்.

இது ஏதோ இப்போது வந்த ஃபேஷன் என்று கட்டுரையில் ஒரு வரி இருந்தது, அது சரியில்லை. உபாகமம் 17இல் ராஜாவாக வருகிறவனுக்கு ஒரு கட்டளை இருக்கிறது, சிங்காசனத்தில் உட்கார்ந்ததும் நியாயப்பிரமாணத்தைப் பார்த்துத் தனக்காக ஒரு பிரதி எழுதிக்கொள்ள வேண்டும், அதைத் தன் ஆயுசு முழுக்க வாசிக்க வேண்டும். எழுதிக் கொடுக்க வேதபாரகர்கள் இருக்கும்போது ராஜாவுக்கு ஏன் அந்த வேலை? தன் இருதயம் சகோதரர்மேல் மேட்டிமை கொள்ளாதபடிக்கு என்று காரணமும் அங்கேயே இருக்கிறது. ஜொனாதன் எட்வர்ட்ஸ் என்ற போதகர் ஒரு சின்ன வேதாகமத்தைப் பிரித்து, பக்கத்துக்குப் பக்கம் வெற்றுத் தாள் வைத்துத் தைத்த பிரதி ஒன்றை வைத்திருந்தார். 1730லிருந்து 1758இல் இறக்கும்வரை அதில் எழுதிக்கொண்டே இருந்தார், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகள். இசைமேதை பாக் தன்னிடம் இருந்த மூன்று தொகுதி விளக்கவுரை வேதாகமத்தில் 1733 என்று வருஷம் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறார், ஓரங்களில் குறிப்பு எழுதியிருக்கிறார், அச்சுப்பிழைகளைக்கூடத் திருத்தியிருக்கிறார். 2 நாளாகமம் 5இல் பாடகர்களும் பூரிகை ஊதுகிறவர்களும் ஒரே சத்தமாய்த் துதித்தபோது ஆலயம் மேகத்தால் நிறைந்தது என்ற இடத்தின் பக்கத்தில், பக்தியோடு இசைக்கிற இடத்தில் தேவன் தம் கிருபையோடு எப்போதும் இருக்கிறார் என்கிற பொருளில் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார். யாருக்கும் காட்டுவதற்காக எழுதினது இல்லை. 1934இல்தான் அந்தப் புத்தகம் வெளியே தெரியவந்தது. அவர் இறந்தது 1750இல்.

எட்வர்ட்ஸின் அந்த வெற்றுத் தாள் யோசனைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து நான் என் நோட்டில் வலது பக்கம் மட்டும் எழுதுகிறேன், இடது பக்கம் காலி. இன்றைக்கு எழுதினதற்கு எதிரே பிறகு எப்போதாவது எழுதுவதற்கு. ஆறு மாதம் கழித்தோ இரண்டு வருஷம் கழித்தோ திரும்ப அந்தப் பக்கத்துக்கு வரும்போது அன்றைய தேதியைப் போட்டு இடது பக்கத்தில் ஒரு வரி, இரண்டு வரி. கட்டுரையில் இந்தத் தேதி போடுகிற விஷயத்தைச் சொல்லவே இல்லை. என்னைக் கேட்டால் வண்ணம் இல்லாமல் ஜர்னலிங் செய்யலாம், தேதி இல்லாமல் செய்வது வீண்.

ஜார்ஜ் முல்லரை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிஸ்டலில் அனாதை இல்லங்கள் நடத்தியவர், ஜெபத்தையும் அதற்குக் கிடைத்த பதிலையும் கணக்கு எழுதுகிற மாதிரி எழுதி வைத்தவர். 1844 நவம்பரில் ஐந்து பேருடைய மனந்திரும்புதலுக்காக ஜெபிக்கத் தொடங்கினதாக எழுதுகிறார். முதல் ஆள் மனந்திரும்ப பதினெட்டு மாதம். இரண்டாவது ஆளுக்கு அதற்குமேல் ஐந்து வருஷம். மூன்றாவது ஆளுக்கு இன்னும் ஆறு. மீதி இரண்டு பேருக்காக முப்பத்தாறு வருஷம் ஆன பிறகும் ஜெபித்துக்கொண்டே இருக்கிறேன் என்கிறார். இதை அவர் எழுதி வைக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஐந்து பேருக்காக ஜெபித்தேன், சிலர் வந்தார்கள் என்று பொத்தாம்பொதுவாக ஞாபகம் இருந்திருக்கும், அவ்வளவுதான். தேதி இருந்ததால்தான் அது எவ்வளவு நீளம் என்று அவருக்கே தெரிந்தது.

எனக்குத் தேதி காட்டின விஷயம் அவ்வளவு பெருமைப்படக் கூடியது அல்ல. எனக்கும் என் தம்பிக்கும் ஒரு சொத்து விஷயத்தில் பேச்சு நின்றுபோயிருந்தது. சங்கீதம் 13ஐ எழுதின ஒரு நாள் அதைப் பற்றி எழுதியிருந்தேன். ஆறே வசனம் உள்ள சங்கீதம், முதல் இரண்டு வசனத்திலேயே "எதுவரைக்கும்" என்று நாலு தடவை கேட்கிறார் தாவீது. மரியாதையாகச் சுற்றி வளைக்காமல் நேராகவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று. எனக்கு அது பிடித்திருந்தது. அதனால் நானும் சுற்றி வளைக்காமல், "அவன்தான் முதலில் பேச வேண்டும், நான் பேச மாட்டேன், எதுவரைக்கும் நான் பொறுத்துப் போவது" என்று எழுதினேன். பொறுமைசாலி நான்தான் என்று உண்மையிலேயே நம்பிக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷம் கழித்து இடது பக்கத்தில் எழுத நோட்டுகளைப் புரட்டும்போது பார்க்கிறேன், அதே வாக்கியத்தை மூன்று வெவ்வேறு வருஷங்களில், மூன்று வெவ்வேறு வேதபகுதிக்குக் கீழே, கிட்டத்தட்ட வார்த்தை மாறாமல் எழுதியிருக்கிறேன். ஒரு தடவை மத்தேயு 18க்குக் கீழே, அதாவது ஏழெழுபது தரமட்டும் மன்னி என்கிற இடத்துக்கு நேர் கீழே! அதைப் பார்த்து எழுதிவிட்டு, அடுத்த வரியில் அவன்தான் முதலில் பேச வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. மனசுக்குள்ளேயே வைத்திருந்தால் ஒவ்வொரு தடவையும் அது புதுக் காயமாகத்தான் தோன்றியிருக்கும். மை பொய் சொல்ல விடவில்லை.

போன் பண்ணினேன். அதற்கப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் அப்படி இல்லை. பண்டிகைக்கு, பிறந்தநாளுக்குப் பேசிக்கொள்கிறோம், பேச்சு இன்னும் விறைப்பாகவே இருக்கிறது. இடது பக்கத்தில் தேதியோடு அதையும் எழுதியிருக்கிறேன்.

பொறுமை என்ற சொல்லைப் பற்றியும் நோட்டில்தான் ஒன்று பிடிபட்டது. கலாத்தியர் 5:22இல் ஆவியின் கனியில் "நீடியபொறுமை" என்று வருகிறது. 1 கொரிந்தியர் 13:4இல் அன்பு "நீடிய சாந்தமும் தயவுமுள்ளது" என்று வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்த வாரத்தில் எழுதியபோது இந்த 'நீடிய' கண்ணில் பட்டது, போதகரிடம் கேட்டேன். கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒரே வேர்தான், மக்ரோதுமியா, கோபம் மூள நெடுநேரம் ஆகிற குணம், மனுஷர்களிடம் காட்டுகிற பொறுமை. யாக்கோபு 1:3இல் விசுவாசத்தின் பரீட்சை உண்டாக்குகிற பொறுமை வேறே சொல், ஹுப்போமோனே, பாரத்தின் கீழேயே நிலைத்து நிற்பது. எனக்கு வேலை இல்லாத நாளில் வேண்டியிருந்தது பின்னது, தம்பி விஷயத்தில் முன்னது. கட்டுரையில் வந்த பொறுமை இரண்டிலும் சேராது, அது சின்னக் கட்டத்துக்குள் வண்ணம் வெளியே போகாமல் தீட்டுகிற நிதானம். அதுவும் நல்லதுதான். பெயர்தான் வேறே.

வரைகிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். எழுத்து ஓடாத, படமாகவே யோசிக்கிற மனசு சிலருக்கு உண்டு, அவர்கள் வரையட்டும். மை ஊறாத பிக்மென்ட் மை பேனாவோ கலர் பென்சிலோ பயன்படுத்துங்கள், மார்க்கர் மட்டும் வேண்டாம், என் நீலத் திட்டுகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். எனக்கு வருத்தம் வேறே இடத்தில். பக்கத்தை முடித்ததும் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைக்கிற பழக்கம். நானும் வைத்திருக்கிறேன், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று அரை மணிக்கு ஒரு தடவை எடுத்துப் பார்த்தும் இருக்கிறேன், அந்த வாரம் நான் வரைந்திருந்தது "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்" என்கிற வசனம்! நாலு பேர் பார்க்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் யாரும் "எதுவரைக்கும்" என்று எழுத மாட்டார்கள், ரோஜாதான் போடுவார்கள். தாவீதின் புலம்பல் ஊரறிய ஆலயத்தில் பாடப்பட்டது உண்மைதான், ஆனால் எழுதும்போது அவர் யாரிடம் பேசிக்கொண்டிருந்தார் என்பதில் அவருக்குக் குழப்பம் இல்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை முழு வேதாகமத்தையும் முடிக்க வேண்டும் என்கிற திட்டத்தோடு இதைச் சேர்க்கக் கூடாது என்பதும் என் கருத்து. 66 புத்தகம், 1189 அதிகாரம், நாளுக்கு மூன்றுக்கு மேல் வாசித்தால் ஒரு வருஷத்தில் முடியும். நல்ல பழக்கம், நானும் செய்கிறேன். ஆனால் அது வேறே வேலை, அதில் பின்தங்கினால் பிடித்தாக வேண்டும் என்கிற அவசரம் கூடவே வருகிறது. நோட்டுக்கு அந்தக் கணக்கு ஆகாது. எபிரெயர் புத்தகத்துக்கு எனக்குப் பதினோரு மாதம் ஆனது. நடுவில் மூன்று வாரம் எழுதவே இல்லை, அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, அடுத்த தேதியைப் போட்டு விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தேன்.

நோட்டு நனைந்துபோன கதையையும் சொல்லிவிடுகிறேன். மேலே தண்ணீர்க் குழாய் கசிந்து அலமாரிக்குள் இறங்கி, ஐந்து நோட்டு கூழாகிவிட்டது. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அப்புறம் எரேமியா 36 ஞாபகம் வந்தது. எரேமியா சொல்லச் சொல்ல, பாருக்கு என்ற அவருடைய எழுத்தன் எழுதின சுருளை, யோயாக்கீம் ராஜா குளிர்கால வீட்டில் கணப்புக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு மூன்று நாலு பத்தி வாசிக்க வாசிக்கச் சூரிக்கத்தியால் அறுத்து அறுத்து நெருப்பில் போடுகிறான். அதற்கு அடுத்து பெரிய வசனம் ஒன்றும் இல்லை, இன்னொரு சுருளை எடுத்து எழுது என்கிற கட்டளைதான். பாருக்கு மறுபடி முதலிலிருந்து எழுதுகிறான், முன்னதைவிட அதிக வார்த்தைகளும் சேர்ந்தன என்று முடிகிறது அந்த அதிகாரம். அந்த மனுஷன் எழுதுகிறபோது எப்படி இருந்திருப்பான் என்பதற்கும் 45ஆம் அதிகாரத்தில் பதில் இருக்கிறது, ஐந்தே வசனம், தவித்து இளைத்துப் போனேன், இளைப்பாறுதல் கிடைக்கவில்லை என்று புலம்புகிறான். உனக்குப் பெரிய காரியங்களைத் தேடுகிறாயோ, தேடாதே என்று அவனுக்குச் சொல்லப்படுகிறது. எனக்கும் அது கொஞ்சம் பட்டது, ஏனென்றால் அந்த ஐந்து நோட்டையும் ஒரு நாள் புத்தகமாகப் போடலாம் என்று ரகசியமாக நினைத்திருந்தேன்.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் எதிலிருந்து தொடங்கலாம் என்று கட்டுரையின் கடைசியில் கேட்டு, சங்கீதம் 23 என்று எழுதியிருந்தீர்கள். நான் யோனா என்பேன். நாலு அதிகாரம், 48 வசனம், ஒரு நாளைக்கு மூன்று வசனம் எழுதினால் பதினாறு நாள். சாதாரணக் கோடு போட்ட நோட்டு, ஒரு பேனா. தேதியைப் போட்டு, வசனத்தை எண்ணோடு அப்படியே பார்த்து எழுதுங்கள், சுருக்க வேண்டாம். அதற்குக் கீழே அதில் கண்ணில் பட்ட ஒன்று, அது சாதாரணமாக இருந்தாலும் பரவாயில்லை. புரியாதது ஏதாவது இருந்தால் கேள்வியாகவே விட்டுவிடுங்கள், அன்றைக்கே இணையத்தில் தேடிப் பதிலை எழுதிவிடாதீர்கள், இடது பக்கம் அதற்காகத்தான் காலியாக இருக்கிறது. கடைசியில் ஒரு வரி ஜெபம், உங்கள் சொந்த வார்த்தையில், ஜெபக்கூட்டத் தமிழில் வேண்டாம். இதில் நான் கண்டுபிடித்தது எதுவும் இல்லை. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குய்கோ என்ற துறவி வாசிப்பு, தியானம், ஜெபம், பேச்சில்லாமல் தேவ சமுகத்தில் இருப்பது என்று நாலு படி உள்ள ஏணியாக இதைச் சொல்லிவிட்டார், விவிலியம் என்று சொல்கிற கத்தோலிக்க நண்பர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

யோனாவைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வேதாகமத்தில் என்னை மாதிரிப் பொறுமையில்லாத ஆள் அவர்தான். நினிவே அழியவில்லை என்று கோபம், நிழல் தந்த ஆமணக்குச் செடி பட்டுப்போனதற்கும் கோபம், நீ எரிச்சலாயிருப்பது நல்லதோ என்று கர்த்தர் கேட்டால், மரணபரியந்தம் எரிச்சலாயிருப்பது நல்லதுதான் என்று பதில் பேசுகிறார். கர்த்தர் அதற்கும் கோபப்படாமல் செடியைக் காட்டி விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பெரிய நகரம், லட்சத்து இருபதினாயிரம் பேருக்கு மேலே மனுஷர், அநேக மிருகங்கள், நான் பரிதபிக்க வேண்டாமா என்று ஒரு கேள்வி, அதோடு புத்தகம் முடிந்துவிடுகிறது. யோனா என்ன சொன்னார் என்று இல்லை. என் நோட்டில் அந்தக் கடைசி வசனத்துக்கு எதிர்ப் பக்கம் நாலு வருஷமாகக் காலியாக இருக்கிறது. இரண்டு தடவை எழுத உட்கார்ந்து தேதியை மட்டும் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் ஆன்மிகப் பக்கத்தின் மேல் மூலையில் வாரம் ஒரு வசனம் போடுகிறீர்கள், பின்னணியில் சூரிய உதயமோ பூவோ இருக்கும். அடுத்த தடவை எரேமியா 29:11 போடும்போது பத்தாம் வசனத்தையும் சேர்த்துப் போடுங்கள். இடம் போதவில்லை என்றால் பூவை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி